அங்குலக்காரரின் மூன்று படங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள ஐஸ்பெட்டி அண்ணனுக்கு,

எறும்பு எழுதுவது. நான் சுகம். நீ அந்தக் கப்பலின் குளிர் அறைகளைப் பழுது பார்க்கிறேன் என்று உள்ளேயே கிடந்து சளி பிடிக்காமல் இருக்கிறாயா? கம்பெனி முகவரிக்கு அனுப்பினால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றாயே, அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உன் போன கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புப் பென்சில் பாதி கரைந்துவிட்டது. 'வாழப்பழம்' என்று எழுதுகிறவனை நம்பி ஒரு கப்பல் பழத்தை எப்படித்தான் ஏற்றுகிறார்களோ.

அச்சகத்தில் எப்போதும் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைத்தான் பிழை பார்ப்பேன். இந்த மாதம் அதிசயமாக ஒரு சினிமாப் பத்திரிகை வந்தது. யாருக்குச் சிறப்பிதழ் தெரியுமா? நம் டைரக்டர் அங்குலக்காரருக்கு! அவருடைய நிஜப் பெயரைப் பார்த்ததும் யாரோ என்று தாண்டிப் போகப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஏதோ ஒரு பொருள் ஓர் அங்குலம் நகரும், அதற்கே கொட்டகை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நாம் வைத்ததுதானே சரியான பெயர்?

வாசகர்களுக்கு ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். அவர் படங்களில் உங்களை அதிகம் பயமுறுத்தியது எது, ஏன்? என் ஓட்டு இரண்டு தட்டுப் படத்துக்கு. தனியாக வாழும் ஒருத்தி தினமும் மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள். பைத்தியம் என்று ஊரே சிரிக்கிறது, நாமும் சிரிக்கிறோம். கடைசியில் அவள் கை கழுவிவிட்டுத் திரும்பினால் இரண்டாவது தட்டு காலி. யார் சாப்பிட்டது? இன்றைக்கும் நான் தட்டைக் கழுவும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் ஓட்டு எதற்கு? நம் பழைய ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடிப் படம் போட்டியில் கிடையாது.

வீட்டு போனை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அம்மா போன இந்த இரண்டு வருடத்தில் தப்பான எண் தவிர யாரும் கூப்பிடவில்லை. இனிமேல் எழுத்துதான். உனக்கும் பிழை குறையும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குல்லா போட்டுக்கொள்.

உன்
எறும்பு


பிப்ரவரி 27

அன்புள்ள எறும்புக்கு,

அண்ணன் நலம். மூக்கு மட்டும் ஒழுகுகிறது, மற்றபடி ஆள் கெட்டி. நீ எழுதிய எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி கேட்டேன், கேப்டன் முறைத்தார்.

போன ஞாயிறு சாப்பாட்டு அறையில் உன் இரண்டு தட்டுப் படத்தின் கேசட்டைப் போட்டேன். எங்கள் கப்பல் சமையல்காரர் ஆறடி, கதவு அகலம். படம் முடிந்ததும் என் தோளைத் தட்டி, "தம்பி, குளிர் ரூம்ல வெங்காயம் எடுக்கணும், சும்மா கூட வாங்களேன்" என்றார். அன்றிலிருந்து வெங்காயம் எடுக்க நான்தான் துணை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் எறும்பே, அதில் பேயும் இல்லை, ஆளும் இல்லை. சாப்பிட்டது அவள்தான். தானே சாப்பிட்டுவிட்டு மறந்து போகிறாள். அவ்வளவுதான் கதை.

என் ஓட்டு பூட்டுப் படத்துக்கு. வீட்டுக்கு யாரோ வரப்போகிறான் என்று சொல்லிச் சொல்லி அந்த மனிதர் கதவுக்குக் கதவு பூட்டு மாட்டுகிறார். பெண்டாட்டி பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டு உதவி செய்கிறார்கள். கடைசியில் சின்னக் குழந்தை சாவித் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு, "வெளிய யாருமே இல்லையேப்பா" என்கிறது. அவர் சிரித்துக்கொண்டே கடைசிப் பூட்டையும் போடுகிறார். பயம் வெளியிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள் சோறு போட்டு வளர்ப்பது. நாங்கள் இரண்டு பேரும் கொட்டகையில் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, மறந்துவிட்டாயா?

மூக்குக்கண்ணாடியைப் பற்றிப் பேச மாட்டேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். உன் மூக்கு நின்றதா?

'நாங்கள் இரண்டு பேரும் கொட்டகையில்' என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு எழுதுகிறாய்? எனக்கு. அந்த இரண்டு பேரில் ஒருத்தி யார்? நான். அப்படியென்றால் 'நாம்' என்று எழுத வேண்டும். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், கேட்கிறவரைத் தள்ளி நிறுத்தினால் நாங்கள். பல மொழிக்காரர்களோடு பேசிப் பேசி உன் தமிழ் உறைந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இது சின்ன வயதிலிருந்தே உனக்கு உள்ள வியாதி. வீட்டில் இதே தப்பைச் செய்யும் இன்னொருவர் யார் என்று உனக்கே தெரியும். அந்த வாயிலிருந்து 'நாம்' என்று ஒரு நாளாவது வந்திருக்கிறதா?

உனக்காகப் பூட்டுப் படத்தை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தேன். நேற்று மத்தியானம் நாங்கள் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தோம். நல்ல படம்தான், ஆனால் பயம் இல்லை. கதவுக்கு வெளியே நிற்கிறவனைப் பற்றி என்ன பயம்? கதவைச் சாத்தினால் தீர்ந்தது. அவன் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இருமிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்? பயப்பட வேண்டிய ஆளைப் பார்த்துப் பாவம் என்று தோன்றினால்? அதற்கு எந்தப் பூட்டு இருக்கிறது சொல். அங்குலக்காரர் இதை ஏன் எடுக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அச்சகத்தில் வேலை அதிகம் இல்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கு. சமையல்காரருக்கு என் அனுதாபத்தைச் சொல்.

எறும்பு


ஏப்ரல் 15

அன்புள்ள எறும்புக்கு,

மூக்கு நின்றுவிட்டது. இப்போது மண்டைக் குடைச்சல், காரணம் நீ.

'நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம்.' யாரம்மா அந்த நாங்கள்? நீ தனிக்கட்டை. பூனை வளர்க்கிறாயா? பூனை பூட்டுப் படம் பார்க்குமா? இல்லை, அச்சகத்தில் பிழை பார்க்கிற யாராவது ஒரு ஆணழகன் பக்கத்தில் உட்கார்ந்து வல்லினம் மெல்லினம் பேசுகிறானா? இருந்தால் சொல்லு, நான் சந்தோஷப்படுவேன், தெரியுமில்லையா? ஒல்லியா குண்டா என்று மட்டும் எழுது.

விளையாட்டுக்குத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். அதே பக்கத்தில் எனக்கு நாம், நாங்கள் பாடம் நடத்திவிட்டு, அடுத்த பத்தியிலேயே நீ நாங்கள் என்று எழுதியிருக்கிறாய். என்னைப் போல நீ அதைக் கைதவறி எழுத மாட்டாய். அதுதான் என்னவோ செய்கிறது.

தண்ணீர் கேட்டது யார்?

பதில் உடனே போடு. நலம் எழுது.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்.

'நாங்கள்' கைப்பிழை. அச்சகக்காரி என்றால் பிழையே வராதா? ஆனைக்கும் அடி சறுக்கும். ஆணழகனும் இல்லை, பூனையும் இல்லை.

இரண்டு தட்டுப் படத்தைப் பற்றி யோசித்தேன். அவளே சாப்பிட்டு மறந்துவிட்டாள் என்றாயே, அப்படி மறக்க முடியுமா? சாப்பிட்டதை ஒருவர் உண்மையிலேயே மறப்பாரா? நீ கப்பலில் பலதரப்பட்ட ஆட்களைப் பார்த்திருப்பாய். மறதி என்று நடிப்பதற்கும் மறதிக்கும் முகத்தில் வித்தியாசம் தெரியுமா?

சும்மா கேட்கிறேன். போட்டிக்குக் கட்டுரை எழுதலாம் என்றுதான்.

அச்சகத்துக்குப் போன் செய்யாதே. முதலாளிக்குப் பிடிக்காது.

எறும்பு


மே 25

எறும்பு,

உடம்பு சுகமா, மனசு சுகமா, இரண்டையும் உண்மையாக எழுது.

நீ செய்யாதே என்றாய், நான் செய்தேன். துறைமுகத்தில் இறங்கியதும் அச்சகத்துக்குப் போன் போட்டேன். "அவங்க மார்ச்லேர்ந்து லீவுங்க. வீட்ல பெரியவருக்கு உடம்பு சரியில்லைன்னாங்க" என்கிறார் உன் முதலாளி. எந்தப் பெரியவர்? அடுத்து உன் பக்கத்து வீட்டுத் தையற்கார அக்காவின் கடைக்குப் போட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு வயசானவர் ஜன்னலோரமா உக்காந்திருக்கார் தம்பி. உங்க தங்கச்சிகிட்ட கேட்டா, சொந்தக்காரர்னு சொல்லிட்டு உள்ள போயிடுது."

நேராகக் கேட்கிறேன். வந்திருப்பது அப்பாவா?

ஒப்பந்தத்தை உடைக்கிறேன். மூக்குக்கண்ணாடிப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன். புருஷன் பெண்டாட்டியின் கண்ணாடியைத் தினமும் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறான். அவள் தேடுகிறாள். "வச்ச எடத்துலதானே இருக்கு, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறான், அன்பாக. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நீ இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்து, "அண்ணா, இது நம்ம அப்பா" என்று சொன்னாய். அதுவரைக்கும் அம்மாவுக்கு நிஜமாகவே புத்தி கெட்டுவிட்டது என்றுதானே நானும் நம்பிக்கொண்டிருந்தேன்! உப்பு ஜாடி இடம் மாறும், சாவி இடம் மாறும், அம்மாவின் கண்ணாடி அலமாரிக்குள் போகும். அவள் மேசையைத் தடவித் தடவி அழுவாள். அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு அடி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் அம்மாவை அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கவே மாட்டோம்.

பழைய குருடி கதவைத் திறடி என்று அந்த ஆளை உள்ளே விட்டாயா? பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. வெளியே வா. தையற்கார அக்கா வீட்டில் போய் இரு.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு சுகம். மனசைப் பற்றி அப்புறம்.

ஆமாம், அப்பாதான்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் துணிப்பையோடு நிற்கிறார். பாதியாகிவிட்டார் அண்ணா. கையில் அம்மா இறந்தபோது நாம் பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பு, கிழித்து மடித்தது. அதிலிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். "ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றார். என்னைத் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "அவ எங்க, வெளிய போயிருக்காளா?" என்று கேட்டார். செத்த செய்தி கையில் இருக்கிறது, ஆளைத் தேடுகிறார்.

உன்னிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் அனுப்பிவிடு என்பாய், அதற்குப் பயந்தேன். அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. முதல் வாரம் என் அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் கண்ணாடி வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் வைத்தபடியே இருந்தது.

மறதி நிஜமா, நடிப்பா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் மூக்குக்கண்ணாடிப் படத்தைப் போட்டேன். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புருஷன் கண்ணாடியை நகர்த்தும் இடம் வந்தது. அவர் உச்சுக்கொட்டினார். "பாவம்மா அந்தப் பொம்பள. அவனைக் கட்டி வச்சு உதைக்கணும்" என்றார்.

அண்ணா, அவர் மறந்துவிட்டார். நாம் மூன்று பேரும் இத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிந்ததை அவர் எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா சாகிற வரைக்கும் சாவியை எடுத்தால் இரண்டு தடவை பார்த்துக்கொள்வாள். இவருக்கு ஒன்றுமே இல்லையா? அன்றைக்கு எனக்கு வந்தது பயமா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

நீ கவலைப்படாதே. நன்றாகச் சாப்பிடு.

எறும்பு


ஜூலை 9

எறும்பு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை.

நடிப்பு! சத்தியமாக நடிப்பு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. 'பாவம்மா அந்தப் பொம்பள' என்றாராம்! அம்மாவிடமும் இதே குரலில்தான் பேசினார். அன்றைக்கு எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "உங்கம்மாவப் பாத்தா பாவமா இருக்கு" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! உன்னைத் தயார் செய்கிறார், அவ்வளவுதான். இன்றைக்கு உன்னைத் தெரியாது என்பார். நாளைக்கு உன் சீப்பு இடம் மாறும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அந்த ஆளுக்குத்தான் பொருந்தும்.

இங்கே அலையில் சரக்கு நகர்கிறதா என்று பார்க்க, நாங்கள் பெட்டியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்போம். பெட்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் கோடு காட்டிக் கொடுத்துவிடும். நீயும் அப்படிச் செய். வீட்டில் இருக்கும் பொருளைச் சுற்றிக் கோடு போடு. உன் புத்தியை நம்பாதே, அவர் பேச்சையும் நம்பாதே, கோட்டை மட்டும் நம்பு. எது நகர்ந்தாலும் எனக்கு எழுது. நகர்ந்தது என்று தெரிந்த அன்றே வெளியே வந்துவிட வேண்டும்.

எனக்கு அக்டோபரில்தான் விடுப்பு. அதுவரைக்கும் உன்னை அந்த ஆளோடு விட்டுவிட்டு நான் இங்கே பழத்துக்குக் குளிர் காட்டிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது எறும்பு.

அண்ணன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இனிமேல் 'நாங்கள்' என்று ஒளிக்காமல் எழுதலாம் இல்லையா? அது ஒரு நிம்மதி.

நீ சொன்னபடி கோடு போட்டேன். சாக்பீஸ் இல்லை, சிவப்புப் பென்சில். உப்பு ஜாடி, சாவி, என் கண்ணாடி, அவர் கண்ணாடி, எல்லாவற்றையும் சுற்றி. நீ சொன்னதும் சரி. நகர்கிறது. ஆனால் என்னுடையது எதுவும் நகரவில்லை. அவர் கண்ணாடி மட்டும்தான். ஒரு நாள் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். நேற்று அலமாரிக்குள் இருந்தது.

அவர் தேடுகிறார். மேசை மேல் கையைப் பரப்பி, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவிக்கொண்டு வருகிறார். ஞாபகம் இருக்கிறதா, அம்மாவும் அப்படியேதான் தடவுவாள். அதே விரல், அதே அவசரம். அது நன்றாகத் தெரிகிற மாதிரி என் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். "வச்ச எடத்துலதானே இருக்கும், நல்லாப் பாருங்க" என்று சொல்கிறேன். வேறென்ன சொல்வது?

இப்போதெல்லாம் பயமே வருவதில்லை. நாற்காலி முட்டுக் கொடுக்காமலேயே தூங்குகிறேன்.

போட்டியில் என் ஓட்டை மாற்றிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிப் படம்தான் அங்குலக்காரரின் தலைசிறந்த படம். சின்ன வயதில் நாம் அந்தப் பெண்டாட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். இப்போது பார்க்கும்போதுதான் அந்தப் புருஷனின் முகம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிகிறது.

அப்பா உனக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். முடித்ததும் நானே தபாலில் சேர்க்கிறேன்.

எறும்பு


ஆகஸ்ட் 10

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. சவுக்கியமா. நான் சவுக்கியம். சின்னவ என்னை நல்லா பாத்துக்கறா.

எங்க வச்சாலும் என் கண்ணாடி வேற எடத்துல இருக்கு. எனக்கு புத்தி கெட்டு போச்சுன்னு நெனக்கறேன். உங்கம்மா இப்படித்தான் சொல்லிட்டு இருப்பா. அவ எப்ப வருவா. வந்தா அவகிட்ட கேக்கணும். அவளுக்கு தெரியும்.

சின்னவ மேசைல ரெண்டு தட்டு வைக்கறா. நான் கை கழுவிட்டு வந்தா என் தட்டு காலியா இருக்கு. நீங்க சாப்ட்டாச்சுன்னு சொல்றா. இருக்கும். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா பசிக்குது.

நீ வாடா. நாங்கள் மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்.

அப்பா


செப்டம்பர் 1

எறும்பு,

குளிர் அறை வாசலில் நின்றுகொண்டே எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் பொறுத்துக்கொள்.

அப்பாவின் கடிதம் வந்தது. பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அவர் கையெழுத்தை இல்லை, சிவப்பை. சவுக்கியத்தைச் சௌக்கியம் ஆக்கியிருக்கிறாய். விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டிருக்கிறாய். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கேள்விக்குறி வைத்திருக்கிறாய். 'பசிக்குது' என்ற சொல்லின் நடுவில் கோடு போட்டு, மேலே உன் எறும்பு எழுத்தில் 'பசிக்கிறது' என்று எழுதியிருக்கிறாய்.

எறும்பு, அவர் பசிக்கிறது என்று எழுதியதை நீ படித்தாய். படித்து, பிழை திருத்தி, உறையில் போட்டு, ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

கடைசி வரியில் 'நாங்கள்' என்பதை அடித்து 'நாம்' என்று போட்டிருக்கிறாய். நியாயம்தான், கடிதம் எனக்கு, அதனால் நானும் அதில் உண்டு. அவரை நடிப்பு என்றேன். கோடு போடு என்றேன். கோட்டை மட்டும் நம்பு என்றேன். இங்கே உட்கார்ந்துகொண்டு உன் கையில் பென்சிலைக் கொடுத்தவன் நான். இத்தனை மாதம் உனக்காகப் பயந்தேன். நேற்றிலிருந்து உன்னைப் பார்த்துப் பயப்படுகிறேன். இதை எழுத எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உனக்குத் தெரியும்.

எனக்கு அவர் மேல் இரக்கம் இல்லை. அது வேறு. ஆனால் அவர் முகத்தை நீ போட்டுக்கொள்ளக் கூடாது. அதற்காக நாம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

கேப்டனிடம் பேசிவிட்டேன். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வருகிறேன். அதுவரைக்கும் ஒன்றே ஒன்று செய். தையற்கார அக்காவைச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காரச் சொல். நானும் அவருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறேன். அப்பா சாப்பிடுவதை இரண்டு பேரும் பார்க்க வேண்டும். நான் வந்ததும் நாம் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்காருவோம். அப்புறம் என்ன செய்வது என்று நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வந்தேன். உன்னைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

தையற்கார அக்கா தினமும் வருகிறார். முதல் நாள் அவர் எதிரே உட்கார்ந்து பார்க்க, அப்பா தட்டு நிறையச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தவர் காலித் தட்டைப் பார்த்தார். "எனக்கு இன்னும் போடலையா?" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதுவிட்டேன். அவரைப் பட்டினி போடவில்லை அண்ணா. அந்த ஒன்றை நான் செய்யவில்லை. எனக்கே அதுவரை சந்தேகமாக இருந்தது.

அவர் கடிதத்தைத் திருத்தியது ஞாபகம் இருக்கிறது. பிழை என்றால் கை தானாகப் போகிறது. 'பசிக்குது' என்பதில் எனக்குத் தெரிந்தது பிழை மட்டும்தான். நீ எழுதிய பிறகுதான் அது பசி என்று தெரிந்தது.

கண்ணாடியை நகர்த்தியது நான் இல்லை என்று உன்னிடம் சத்தியம் செய்யத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், வழக்கம்போல உன் கடிதத்தைத் திருத்த எடுத்தேன். இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. 'நாம்' எல்லாம் நாமாக இருக்கிறது. இவ்வளவு வருடத்தில் இதுதான் முதல் தடவை, நீ எவ்வளவு பயந்திருக்கிறாய் என்று அதில்தான் எனக்குப் புரிந்தது. கையில் இருந்த பென்சிலைத் திரும்ப வைக்கலாம் என்று பென்சில் பெட்டியைத் திறந்தேன்.

அப்பாவின் கண்ணாடி உள்ளே இருக்கிறது. என் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறது. என் அறைக்குள் அவர் வந்ததில்லை. நான் வைத்த ஞாபகமும் இல்லை. யோசித்துப் பார்க்கிறேன், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அவர் வெளியே மேசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். சத்தம் கேட்கிறது. கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். எங்கே இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? வைத்த இடத்தில்தான் இருந்தது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதனால் திரும்ப உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சீக்கிரம் வா அண்ணா. வந்ததும் எங்கள் இருவரில் யார் சொல்வதையும் நம்பாதே.

எறும்பு